மறதி நோயும் மனத்தில் நிற்கும் உணர்ச்சியும்

மறதி மனிதருக்கு இயல்பு. வாரச் சந்தையில் கண்டவரின் பெயர் நாவில் வரத் தயங்குவதும், வாங்க வேண்டிய பொருள்களில் ஒன்றை விட்டுவிட்டு வீடு திரும்புவதும் எல்லாருக்கும் நேர்வனவே. அவற்றிற்காகக் கவலைப்பட வேண்டுவதில்லை. ஆனால் முதுமையில் சிலரைப் பற்றும் மறதி இத்தகையதன்று. காலையில் உண்டதை நண்பகலில் 'உண்ணவில்லை' என்பதும், பல்லாண்டு நடந்த தெருவிலேயே வழி தெரியாமல் நிற்பதும், பெற்ற மகளைப் பார்த்து 'நீ யார்?' என்று கேட்பதும் அதன் அடையாளங்கள். இதனையே மறதி நோய் என்கிறோம்.

இந்நோய் உடையாரைப் பற்றி மக்களிடையே ஓர் எண்ணம் பரவியிருக்கிறது. 'அவருக்குத்தான் ஒன்றும் நினைவில் நிற்பதில்லையே. எதைச் சொன்னால் என்ன, எப்படி நடத்தினால் என்ன?' என்பதே அது. இவ்வெண்ணம் பிழையானது. நிகழ்ச்சி மறைந்த பின்னும் அது எழுப்பிய உணர்ச்சி மனத்தில் நிற்கிறது என்பதை அறிவியல் ஆராய்ச்சிகள் தெளிவாகக் காட்டியுள்ளன. அவ்வுண்மையையும், அதனால் வீட்டாரும் சங்கத்தாரும் கைக்கொள்ள வேண்டிய முறைகளையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இது நகரத்தாருக்கு மட்டும் உரிய செய்தி என்று எண்ண வேண்டா. இந்தியாவில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 100க்கு 7.4 பேருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, இந்நோய் இருப்பதாக 2023ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. நகரங்களைவிடக் கிராமங்களிலும், ஆடவரைவிடப் பெண்டிரிடத்தும் இது மிகுந்து காணப்படுவதாகவும் அவ்வாய்வு கூறுகிறது. கழனியும் தறியுமே வாழ்வாகக் கொண்ட கள்ளக்குறிச்சி வட்டாரத்திலும், மருத்துவமனை செல்ல மலையிறங்க வேண்டிய கல்வராயன் மலைச் சிற்றூர்களிலும் வாழும் நமக்கு இது அயலார் செய்தி அன்று.

நினைவு ஒன்றன்று

நினைவு என்பது ஒரே பெட்டியில் வைத்த பொருள் போன்றது என்று பலர் கருதுகின்றனர். உண்மையில் அது பல வகைப்படும். 'சென்ற பொங்கலன்று என் வீட்டில் இன்னது நடந்தது' என்று நினைவுகூர்வது ஒரு வகை. இது நிகழ்ச்சி நினைவு. 'பொங்கல் தைத் திங்களில் வரும்' என்று அறிந்திருப்பது மற்றொரு வகை. இது பொது அறிவு. நாடாவை எறிந்து, மிதியை மாற்றி, அறுந்த இழையைக் கண்டவுடன் முடிச்சிடுவது மூன்றாம் வகை, இது கைப்பழக்கம். இவை மூன்றும் மூளையில் வெவ்வேறு வழிகளில் காக்கப்படுகின்றன. ஆகையால் ஒன்று அழியும்போது மற்றவையும் உடனே அழிந்துவிடுவதில்லை.

இவ்வுண்மை ஒரு நோயாளியின் வாயிலாகவே உலகிற்கு நன்கு புலப்பட்டது. அமெரிக்க நாட்டில் ஹென்றி மொலேசன் என்பவருக்குக் கடுமையான வலிப்பு நோய் இருந்தது. அதனைப் போக்கும் பொருட்டு 1953ஆம் ஆண்டில், அவருடைய 27ஆம் வயதில், மூளையின் இரு புறத்தும் ஒரு பகுதியை அறுவை செய்து நீக்கினார்கள். வலிப்புக் குறைந்தது, ஆனால் அன்று முதல் புதிதாக நடந்த எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. பல்லாண்டு தம்மைச் சோதித்து வந்த பிரெண்டா மில்னர் என்னும் அம்மையாரையே ஒவ்வொரு முறையும் புதியவராகக் கண்டார். எனினும் கண்ணாடியில் தெரியும் உருவத்தை நோக்கிக் கோடு வரையும் பயிற்சியை அவருக்குக் கொடுத்தபோது, நாளுக்கு நாள் அவர் கை தேர்ச்சி பெற்றது. பயிற்சி செய்ததையே அவர் அறியார். கையோ அதனை அறிந்திருந்தது. 2008ஆம் ஆண்டில் அவர் இறக்கும் வரையில் அவரைக் கொண்டு அறிஞர்கள் கற்றவை மிகப் பல.

சிட்டாவும் பேரேடும்

நம் சங்கக் கணக்கைக் கொண்டே மூளையின் வேலையை ஒருவாறு விளக்கலாம். அன்றன்று நடக்கும் வரவு செலவுகளை முதலில் சிட்டாவில் எழுதுகிறோம். பின்னர்க் கணக்கர் அவற்றை ஒவ்வொன்றாகப் பேரேட்டில் உரிய பக்கத்தில் பதிகிறார். மூளையிலும் இவ்வாறே அன்றாட நிகழ்ச்சிகளைப் பெற்று, நிலையான இடத்தில் பதியச் செய்யும் ஓர் உறுப்பு இருக்கிறது. இரு செவிகளுக்கும் உட்புறமாக, மூளையின் ஆழத்தில், கடற்குதிரை போன்ற வடிவில் அமைந்த அதற்கு ஹிப்போகாம்பஸ் என்று பெயர். மொலேசனுக்கு நீக்கப்பட்டது பெரும்பாலும் இதுவே.

மறதி நோய்களுள் மிகுதியாகக் காணப்படுவது அல்சைமர் நோய். ஜெர்மானிய மருத்துவர் அலோயிஸ் அல்சைமர் 1906ஆம் ஆண்டில் முதன்முதலாக இதனை அறிஞர் சபையில் எடுத்துரைத்தமையால் அவர் பெயரே இதற்கு வழங்குகிறது. இந்நோய் ஹிப்போகாம்பஸையும் அதனை அடுத்த பகுதிகளையும் தொடக்கத்திலேயே தாக்குகிறது. கணக்கர் நோயுற்றால் சிட்டா பேரேட்டில் ஏறாது. ஆனால் முன்னர்ப் பதிந்த பக்கங்கள் சில காலம் அப்படியே இருக்கும். இதனால்தான் இன்று காலை நடந்ததைச் சொல்ல இயலாத பாட்டியார், தம் திருமண நாளைப் பற்றி விரிவாகப் பேசுகிறார். புதியது முந்தி அழியும், பழையது பிந்தி அழியும் என்னும் இம்முறையைப் பிரெஞ்சு அறிஞர் ரிபோ 1881ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தார். 'பழைய கதையெல்லாம் தெரிகிறது, இன்றைக்குச் சொன்னது மட்டும் தெரியவில்லையா? எல்லாம் நடிப்பு' என்று முதியோரைக் குற்றம் சொல்வோர் இதனைக் கவனிப்பாராக. அது நடிப்பன்று, நோயின் இயல்பே அது.

உணர்ச்சி இடும் முத்திரை

எல்லா நிகழ்ச்சிகளும் ஒரே அழுத்தத்தோடு பதிவதில்லை. சென்ற மாதம் உண்ட உணவு நமக்கு நினைவில்லை. தலைப்பிள்ளை பிறந்த நாள் நினைவிருக்கிறது. மகிழ்ச்சியோ, அச்சமோ, துயரமோ மிகுந்த நிகழ்ச்சி ஆழமாகப் பதிகிறது. ஹிப்போகாம்பஸை அடுத்து, வாதுமைக் கொட்டை அளவில் அமைந்த அமிக்டலா என்னும் உறுப்பு இவ்வேலையைச் செய்கிறது. உணர்ச்சி பொங்கும்போது உடலில் சுரக்கும் நீர்களால் அது தூண்டப்பட்டு, 'இது முக்கியம். அழுத்திப் பதிக' என்று முத்திரை இடுகிறது. 1994ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனை இதனைக் காட்டியது. ஒரு துயரக் கதையைப் படங்களோடு சிலருக்குக் காட்டினார்கள். மருந்து உண்ணாதவர்கள் கதையின் துயரப் பகுதியை மற்றப் பகுதிகளைவிட நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். அச்சுரப்பின் வேகத்தைத் தடுக்கும் மருந்தை முன்னதாக உண்டவர்களுக்கோ அந்தச் சிறப்பு நினைவு ஏற்படவில்லை.

மறதி நோய் உடையாரிடத்தும் இம்முத்திரை வேலை செய்யுமா? 1995ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் ஜப்பானிலுள்ள கோபே நகரத்தைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. அங்கிருந்த அல்சைமர் நோயாளிகளைச் சில வாரங்களுக்குப் பின்னர் மருத்துவர்கள் விசாரித்தார்கள். நிலநடுக்கத்திற்குப் பிறகு அவர்களுக்குச் செய்த மூளை ஸ்கேன் பரிசோதனையை அவர்களில் பெரும்பாலோர் மறந்திருந்தார்கள். ஆனால் அதற்கு முன் நடந்த நிலநடுக்கத்தைப் பெரும்பாலோர் மறக்கவில்லை. பேரச்சம் நோயையும் மீறிப் பதிந்திருந்தது. ஆயினும் இதற்கு எல்லை உண்டு. நோய் முற்ற முற்ற அமிக்டலாவும் தேய்கிறது. ஆகையால் உணர்ச்சி மிகுந்த செய்தி எதுவாயினும் நினைவில் நிற்கும் என்று உறுதி கூற இயலாது.

நிகழ்ச்சி மறையும், உணர்ச்சி நிற்கும்

இனி, நாம் முக்கியமாக அறிய வேண்டியதற்கு வருவோம். நிகழ்ச்சி முற்றிலும் மறந்துபோயிற்று என்றே வைத்துக்கொள்வோம். அப்போது அதனால் எழுந்த உணர்ச்சியும் போய்விடுகிறதா?

சுவிட்சர்லாந்து நாட்டு மருத்துவர் கிளாபரேது ஒரு நோயாளியைப் பற்றி 1911ஆம் ஆண்டில் எழுதினார். அப்பெண்மணிக்குத் தம்மை நாள்தோறும் காணும் மருத்துவரையே அடையாளம் தெரியாது. ஒரு நாள் மருத்துவர் தம் விரலிடையே ஒரு குண்டூசியை மறைத்துவைத்துக்கொண்டு அவருடைய கையைக் குலுக்கினார். ஊசி குத்திற்று. சற்று நேரத்தில் அப்பெண்மணி அதனை மறந்தார். ஆனால் பின்னர் மருத்துவர் கையை நீட்டியபோது தம் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். காரணம் கேட்டால் அவரால் சொல்ல இயலவில்லை. குத்தியது நினைவில் இல்லை. அச்சம் மட்டும் நின்றது.

அண்மைக் காலத்தில் இதனை மேலும் நுட்பமாக ஆராய்ந்தார்கள். 2014ஆம் ஆண்டில், அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தார் 17 அல்சைமர் நோயாளிகளுக்குத் துயரக் காட்சிகளையும், வேறொரு வேளையில் மகிழ்ச்சிக் காட்சிகளையும் திரையில் காட்டினார்கள். சிறிது நேரத்தில் கண்ட காட்சிகள் அவர்கள் நினைவினின்றும் பெரும்பாலும் மறைந்தன. ஆனால் துயரமும் மகிழ்ச்சியும் அரைமணி நேரம் வரையில் அவர்களிடத்தே நிலைத்திருந்தன. இதில் இன்னொரு செய்தியும் கவனிக்கத்தக்கது. காட்சிகளை மிகக் குறைவாக நினைவில் கொண்டவர்களிடத்தே துயரம் மேலும் நெடுநேரம் நின்றது.

இதன் கருத்து என்ன? நமக்குத் துயரம் வந்தால் அதன் காரணம் தெரியும். 'இன்னார் இப்படிச் சொன்னார். போகட்டும்' என்று மனத்தைத் தேற்றிக்கொள்வோம். காரணமே தெரியாதவருக்கு அவ்வாறு தேற்றிக்கொள்ள வழியில்லை. காலையில் ஒரு கடுஞ்சொல் கேட்ட முதியவர் அச்சொல்லை மறந்துவிடுவார். ஆனால் பின்னர் உணவை ஒதுக்கக்கூடும், வெளியே போக எழக்கூடும், உறங்காமல் இருக்கவும் கூடும். வீட்டாரோ காரணம் அறியாமல் 'இன்று நோய் அதிகம்' என்பர். சில வேளைகளில் அது நோயன்று; காலையில் கேட்ட சொல்லின் மிச்சமே அது. இவ்வாறே அன்போடு பரிமாறிய ஒரு கவளம், கையைப் பற்றிக்கொண்டு சிறிது நேரம் அமர்ந்திருத்தல், மறந்துபோன பின்னும் மனத்திற்கு அமைதி தந்துகொண்டிருக்கும். 'நான் வந்து பார்த்ததே அவருக்கு நினைவில்லை; பின் எதற்கு வர வேண்டும்?' என்று எண்ணும் மக்கள் இதனை உணர வேண்டும்.

பழைய நினைவுகளின் நிலை

முதியோர் நீண்ட காலம் காக்கும் நினைவுகள் பெரும்பாலும் பத்து வயது முதல் முப்பது வயது வரையில் நிகழ்ந்தவை. கல்வராயன் மலையில் ஜாகீர்தார்களின் ஆட்சி முடிந்து, மலை அரசின் நேர் நிர்வாகத்திற்கு வந்தது 1976ஆம் ஆண்டில். அப்போது இளைஞராய் இருந்தோர் இன்று முதியோர். மலையாளி மக்கள் தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தவர் என்று வழிவழியாகக் கூறி வரும் வரலாறும், ஏட்டில் ஏறுமுன் முதியோர் நாவிலேயே காக்கப்பட்டது. நினைவு குன்றினால் ஒருவருடைய சொந்த வாழ்வு மட்டுமன்றி ஊரின் வரலாறும் குன்றுகிறது என்பதை இதனால் அறியலாம்.

ஆனால் பழைய நினைவும் பழுதின்றி நிற்பதில்லை. மொலேசன் தம் இளமையைப் பற்றிப் பொதுவாகச் சொல்லுவார். குறிப்பிட்ட ஒரு நாளில் நடந்ததை அங்கம் அங்கமாக விவரிப்பது அவருக்கு மிக அரிதாயிற்று. மறதி நோயிலும் இதுவே நிகழ்கிறது. முதலில் நாளும் கிழமையும் போகின்றன. பின்னர் உடனிருந்தோர் பெயர் போகின்றது. ஒரு நிகழ்ச்சி மற்றொன்றோடு கலக்கிறது. இறுதியில் 'அன்று பெரிய மழை. மிகவும் பயந்தோம்' என்பது போன்ற ஒரு வரியே எஞ்சும். ஊடை போய்ப் பாவு மட்டும் நிற்கும் துணி போன்றது அது. ஆகவே முதியோர் சொல்லும் பழங்கதையில் பிழை காணின் திருத்த முற்படுதல் வேண்டா. நிகழ்ச்சியின் விவரம் பிழையாயினும் அதிலுள்ள உணர்ச்சி அவருக்கு மெய்யே.

வீட்டார் செய்யத்தக்கவை

வீட்டாருக்கு மிகவும் கடினமான வேளை ஒன்று உண்டு. இறந்தவரைப் பற்றி முதியவர் கேட்பதே அது. 2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாறு மகனை இழந்த தாய்க்கு மறதி நோயும் இருக்குமாயின், 'பிள்ளை இன்னும் வரவில்லையே' என்று அவர் நாள்தோறும் கேட்கக்கூடும். 'அவன் செத்து எத்தனை நாளாயிற்று!' என்று ஒவ்வொரு முறையும் சொன்னால், ஒவ்வொரு முறையும் அத்தாய் மகனைப் புதிதாக இழக்கிறார். சொன்ன செய்தி மறைந்துபோகும், துயரம் நின்றுவிடும். அப்போது, 'பிள்ளையை நினைத்துக்கொண்டீர்களா, அம்மா? அவனுக்கு உங்கள் கையால் உண்பதில் எவ்வளவு விருப்பம்!' என்று அவனைப் பற்றியே பேசி, மனத்தை மெல்ல வேறு வழியில் திருப்புவது நலம். பொய் சொல்ல வேண்டுவதில்லை. புண்ணைக் கிளறாதிருந்தால் போதும்.

இரண்டாவதாக, கைப்பழக்கத்தைக் காக்க வேண்டும். முதிய நெசவாளர் புதிய டிசைனை நெய்ய இயலாது போகலாம். ஆனால் தார் சுற்றவும், நூலைச் சிக்கெடுக்கவும் அவருடைய விரல்கள் அறிந்திருக்கும். சாமையைப் புடைக்கவும், புளியைக் கொட்டை நீக்கவும் மலையகத்து மூதாட்டியருக்கு மறப்பதில்லை. இவ்வேலைகளால் வரும் கூலி சிறிதே. 'நான் இன்னும் பயன்படுகிறேன்' என்னும் நிறைவோ பெரிது. பழைய பாட்டும், பாவுக்கு இடும் கஞ்சியின் மணமும், பலாப்பழத்தின் வாசனையும் பேச்சால் எட்டாத நினைவுகளையும் சில வேளை எழுப்பும்.

மூன்றாவதாக, முதியோர் தெளிவாக இருக்கும் காலத்திலேயே அவர்கள் வரலாற்றைக் கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். கைபேசியில் குரலைப் பதிவு செய்வதும் இன்று எளிது. பின்னாளில் நினைவு தடுமாறும்போது, அவர் கதையை அவருக்கே சொல்லி மகிழ்விக்க அது உதவும்.

சங்கத்தார் கவனத்திற்கு

முதிய அங்கத்தினர் ஒருவர் கட்டாத தவணையைக் கட்டிவிட்டேன் என்றோ, வாங்கிய பணத்தை வாங்கவில்லை என்றோ சங்கத்தில் வந்து வாதிடலாம். பலர் முன்னிலையில் அவரைப் பொய்யர் ஆக்குதல் தகாது. கணக்கு மறந்த பின்னும் அந்த அவமானம் நிற்கக்கூடும். உட்கார வைத்துப் பேரேட்டைக் காட்டி, வீட்டாரில் நம்பத்தக்க ஒருவரை அழைத்துப் பேசுதல் முறை. அதே சமயம் அவருடைய உரிமையும் காக்கப்பட வேண்டும். பொருள் விளங்காத நிலையில் உள்ளவரிடம் கடன் பத்திரத்திலோ ஜாமீனிலோ கைரேகை பெறுவதற்குச் சங்கம் இடம் கொடுத்தலாகாது. உறவினரே அழைத்து வந்தாலும் விசாரித்தே செய்தல் வேண்டும். பங்குத் தொகைக்கும் வைப்புக்கும் வாரிசுதாரரை நியமிப்பதை ஒவ்வோர் அங்கத்தினரும் தெளிவுள்ள காலத்திலேயே முடித்துவிடுவது நன்று.

மருத்துவம் பற்றி

மறதி எல்லாம் தீராத நோய் என்று எண்ணிவிடலாகாது. தைராய்டுக் குறை, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, தலையில் பட்ட அடியால் உறையும் இரத்தம், சில மருந்துகளின் விளைவு ஆகியவற்றாலும் மறதி வரும். இவற்றுள் பல குணமாகத்தக்கவை. நாட்பட்ட குடிப் பழக்கத்தால் தயமின் என்னும் சத்துக் குறைந்து கொடிய மறதி உண்டாவதும் உண்டு. காலத்தில் மருத்துவம் செய்தால் அதனைத் தடுக்கலாம். ஆகவே மறதி அன்றாட வேலைகளைக் கெடுக்கும் அளவில் இருந்தால், 'வயதாயிற்று' என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி 2022ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. மனநலம் பற்றிய ஆலோசனைக்கு 14416 என்னும் எண்ணிலும், முதியோர்க்கான உதவிக்கு 14567 என்னும் எண்ணிலும் கட்டணமின்றிப் பேசலாம்.

அல்சைமர் நோயை முற்றிலும் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. எனினும் உலகில் தோன்றும் மறதி நோயில் 100க்கு ஏறத்தாழ 45 பங்கு, தடுக்கவோ தள்ளிப்போடவோ கூடிய காரணங்களைச் சார்ந்தது என 2024ஆம் ஆண்டில் லான்செட் மருத்துவ இதழின் அறிஞர் குழு அறிவித்தது. இரத்த அழுத்தம், நீரிழிவு, புகை, குடி, செவிப்புலன் குறை, பார்வைக் குறை, தனிமை முதலியன அக்காரணங்களுள் அடங்கும். இவற்றைக் கவனித்தல் நம் கையில் உள்ளது. தனிமையைப் போக்குவதோ கூட்டுறவாளரின் இயல்பான கடமை. சங்கக் கூட்டத்திற்கு முதியோரை அழைத்து வந்து முன்வரிசையில் அமரச் செய்வதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

நோயுற்ற முதியவரைக் காப்பது எளிய காரியம் அன்று. ஒரே கேள்விக்குப் பத்து முறை விடை சொல்லும் மருமகளும் மகளும் களைத்துப்போவது இயல்பே. அவர்களுக்கும் ஓய்வு வேண்டும். மற்ற மக்கள் முறை வைத்துத் துணை நிற்க வேண்டும். பத்தாம் முறையும் அவர் பொறுமையோடு சொல்லும் விடை வீணாவதில்லை. அவ்விடை முதியவரின் நினைவில் ஏறாது. ஆனால் அது தந்த ஆறுதல் விடை மறந்த பின்னும் அவரோடு இருக்கும்.